விதி 27, விதி 21, விதி 42

டப்ளினில் நாங்கள் குடியிருக்கும் தெரு குரோக் பார்க் மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கோடையில் பெரிய ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காவலர்கள் தெருவின் இரு முனைகளிலும் தடுப்பு வைத்துவிடுவார்கள். காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்குக்கூட நாங்கள் குடியிருப்போர் அட்டையைக் காட்டியாக வேண்டும். பச்சையும் சிவப்புமாக மேயோ கவுண்டிக்காரர்களும் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போல), பச்சையும் பொன்நிறமுமாகக் கெர்ரிக்காரர்களும் குடும்பம் குடும்பமாக நடந்து போவார்கள். அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால், தொலைக்காட்சியில் கோல் விழுவதற்குச் சில நொடிகள் முன்பாகவே 82,300 பேர் கொள்ளும் அந்த அரங்கின் ஆரவாரம் வீட்டுக்குள் வந்துவிடும். ஆடுகிறவர்களில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது என்பதை நம்ப எனக்கு முதல் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஞாயிறன்று எண்பதாயிரம் பேர் பெயர் சொல்லிக் கூவிய வீரர், திங்கட்கிழமை காலையில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.

நம்மில் பெரும்பாலோருக்கு அயர்லாந்தின் விளையாட்டு என்றால் 2011 மார்ச் 2 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கில் இங்கிலாந்துக்கு எதிராகக் கெவின் ஓ'பிரையன் 50 பந்துகளில் அடித்த சதம்தான் நினைவுக்கு வரும். நானும் அந்த நினைவோடுதான் இங்கே வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசியபோது, அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, தம் இளவயதில் கிரிக்கெட் பார்க்கப் போயிருந்தால் தம்மைச் சங்கத்திலிருந்து நீக்கியிருப்பார்கள் என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பெல்ஃபாஸ்டின் ஆண்டர்சன்ஸ்டவுனில் பிறந்து, 1970களில் டப்ளினுக்கு வந்து தங்கிவிட்ட மனிதர் அவர். அவர் சொன்னது எழுத்தில் இருந்த விதி என்பதும், அந்த விதிக்கு 27 என்று எண் இருந்தது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அயர்லாந்தின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் போர்களின் வழியாகவும் ஒப்பந்தங்களின் வழியாகவும் சொல்ல நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு விளையாட்டுச் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் மூன்று விதிகள் எழுதப்பட்டதையும் அடிக்கப்பட்டதையும் வைத்தே அதில் பெரும்பகுதியைச் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேலிக் அத்லெடிக் அசோசியேஷன் என்ற அந்தச் சங்கத்தை இங்கே எல்லோரும் ஜி.ஏ.ஏ. என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரேரி கவுண்டியின் தேர்ல்ஸ் ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலின் ஓர் அறையில் ஒரு சிறு குழுவாகக் கூடியவர்கள் அதைத் தொடங்கினார்கள். அழைப்பு விடுத்தவர் மைக்கேல் கியூசாக் என்ற பள்ளி ஆசிரியர். இவரே முன்பு ரக்பி ஆடியவர், கிரிக்கெட்டை விரும்பியவர் என்பது இந்தக் கதையின் முதல் முரண். பிரிட்டிஷ் ஆட்சியில் மொழியும் நிலமும் கைவிட்டுப் போன மக்களிடம் ஆட்டமாவது சொந்தமாக இருக்கட்டும் என்பது அவர்களுடைய வாதம். மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங், பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் கேலிக் கால்பந்து ஆகிய இரண்டும் சங்கத்தின் உயிராயின. காஷெல் பேராயர் தாமஸ் குரோக்கும், நாடாளுமன்றத்தில் ஐரிஷ் கட்சியின் தலைவராக இருந்த பார்னெலும், நிலப் போராட்டத் தலைவர் மைக்கேல் டேவிட்டும் புரவலர்களாக இருக்க இசைந்தார்கள். ஓர் ஆயர், ஓர் அரசியல்வாதி, ஒரு போராளி என்று மூவரும் ஒரே சங்கத்தின் புரவலர்களாக அமர்ந்தபோதே, இது வெறும் பந்து விவகாரம் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. 1891இல் பார்னெல் இறந்தபோது, சங்கத்தார் ஹர்லி மட்டைகளில் கறுப்புத் துணி சுற்றி, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் போகும் படைவீரர்களைப் போல இறுதி ஊர்வலத்தில் நடந்தார்கள்.

ஹர்லி மட்டையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியின் பொருள் சட்டென்று புரியும். பெரியவர் வீட்டுக் கூடத்தில் குடைகளோடு ஒரு மட்டை சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆஷ் மரத்தின் அடிப்பகுதியில், தண்டு வேராக வளையும் இடத்தில் பலகை அறுப்பார்கள். அப்போதுதான் மரத்தின் ரேகை மட்டையின் வளைவோடு சேர்ந்து ஓடும், அடிபட்டாலும் பிளக்காது. அகன்ற முனை விண்டுவிடாமல் இருக்க மெல்லிய தகடு ஒன்றைச் சுற்றி ஆணி அறைந்திருக்கிறார். அந்தத் தகட்டில் மூன்று இடங்களில் நசுங்கல். ஸ்லிட்டர் என்று சொல்லப்படும் தோல் பந்து, ஏறக்குறைய கிரிக்கெட் பந்தின் அளவில் இருக்கும். தையல் விளிம்புகள் வரப்பைப் போல உயர்ந்து நிற்கும். அதை அடித்துக்கொண்டும் மட்டையின் நுனியில் ஏந்திக்கொண்டும் பதினைந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் ஓடும் ஆட்டத்தை முதல்முறை பார்த்த அன்று, ஆட்டம் முடிவதற்குள் எத்தனை பேருக்குக் கை உடையும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் உடையவில்லை.

சங்கத்தின் அடித்தளம் பங்கு. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் அதே பொருளில்தான் சொல்கிறேன்: ஒரு கோயில், ஒரு பங்குத்தந்தை, அதைச் சுற்றியுள்ள சில ஊர்கள். அந்தப் பங்குக்கு ஒரு மன்றம், மன்றங்கள் சேர்ந்து கவுண்டி, முப்பத்திரண்டு கவுண்டிகள் சேர்ந்து அயர்லாந்து. 1921க்குப் பிறகு அவற்றில் ஆறு எல்லைக்கு அப்பால் வடக்கு அயர்லாந்து என்ற பெயரில் பிரிட்டனின் பகுதியாகப் போய்விட்டன. ஆனால் இந்தப் படத்தில் அந்த எல்லை என்றைக்குமே வரையப்படவில்லை. எந்தக் கட்சிக்கும் எந்த ரகசியப் படைக்கும் கிடைக்காத கட்டமைப்பு இது. அதனால்தான் 1880களிலேயே ஐ.ஆர்.பி. என்ற ரகசியக் குடியரசுவாத இயக்கம் சங்கத்தைக் கைப்பற்றப் பார்த்தது. அதனால்தான் பிரிட்டிஷ் நிர்வாகம் இருந்த டப்ளின் கோட்டையிலிருந்து ஒற்றர்கள் அதன் கூட்டங்களைக் கவனித்துக் குறிப்பெழுதினார்கள். 1918இல் பொதுக்கூட்டங்களுக்கு அனுமதி பெறவேண்டும் என்ற உத்தரவு விளையாட்டுக்கும் வந்தபோது, சங்கம் ஊர்வலம் போகவில்லை, மறியல் செய்யவில்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு நாடு முழுவதும் எல்லா மன்றங்களும் அனுமதி கேட்காமல் ஆட்டம் ஆடவேண்டும் என்று மட்டும் சொல்லியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வயல்களிலும் திடல்களிலும் இறங்கினார்கள். யாரைக் கைது செய்வது?

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1920 நவம்பர் 21. ஞாயிற்றுக்கிழமை. காலையில், விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினின் பல வீடுகளில் நுழைந்து, பிரிட்டிஷ் உளவுத்துறையினர் என்று அவர்கள் கருதியவர்களைச் சுட்டார்கள். படுக்கையிலும் மனைவியின் கண்ணெதிரிலும் பலர் இறந்தார்கள். இறந்தவர்களில் உளவுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் இருந்தார்கள். பிற்பகலில் குரோக் பார்க்கில் டப்ளினுக்கும் டிப்பரேரிக்கும் கேலிக் கால்பந்து ஆட்டம். ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று சங்கத்தின் பொறுப்பாளர்கள் யோசித்தார்கள். நிறுத்தினால் காலையில் நடந்ததோடு சங்கத்தைத் தொடர்புபடுத்திப் பேசுவார்கள் என்று அஞ்சி நடத்த முடிவு செய்தார்கள். கூட்டம் அதிகமாக இருந்ததால் அரைமணி தாமதமாக, மூன்றேகால் மணிக்குத் தொடங்கிய ஆட்டம் பத்து நிமிடம் நடந்திருக்கும். ராயல் கால்வாய்ப் பாலத்துப் பக்கமிருந்து காவல் படையினரும் துணைப்படையினரும் உள்ளே நுழைந்து சுடத் தொடங்கினார்கள். சுமார் 90 நொடிகள். அந்த ஒன்றரை நிமிடத்தில் சுடப்பட்டும் நெரிசலில் மிதிபட்டும் 14 பேர் இறந்தார்கள் அல்லது சாகும் காயம் பட்டார்கள்.

இறந்தவர்களில் மூவர் சிறுவர்கள்; 10, 11, 14 வயது. திருமணத்துக்கு ஐந்து நாள் இருந்த ஒரு பெண், தான் மணக்கவிருந்தவரோடு ஆட்டம் பார்க்க வந்திருந்தார். டிப்பரேரி அணியின் தற்காப்பு வீரர் மைக்கேல் ஹோகன், தவழ்ந்தபடியே ஆடுகளத்தைக் கடக்க முயன்றபோது சுடப்பட்டார். அவர் காதருகே குனிந்து மரண வேளை மன்றாட்டைச் சொல்லிக்கொண்டிருந்த இளைஞரும் சுடப்பட்டு இறந்தார். பின்னர் மூடிய அறைகளில் நடந்த ராணுவ விசாரணை, உத்தரவு இல்லாமலே சுட்டார்கள், சூழலின் தேவையை மீறிச் சுட்டார்கள் என்று தன் முடிவை எழுதி, அதை ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் வெளியே காட்டாமல் பூட்டி வைத்தது. குரோக் பார்க்கின் முதன்மைப் பார்வையாளர் மாடத்துக்கு ஹோகனின் பெயரை வைத்தார்கள். மற்றவர்களில் எட்டுப் பேரின் கல்லறைகளுக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லாமல் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. சங்கமே முன்வந்து கல் நட்டது அண்மைக் காலத்தில்தான்.

நூறாவது ஆண்டு நினைவுநாளில் கொரோனா காரணமாக மைதானத்துக்குள் யாரையும் விடவில்லை. நவம்பர் இருட்டில் 14 தீப்பந்தங்களை ஏற்றி, ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். மறுநாள், 1920இல் அணிந்த அதே வெள்ளை பச்சைச் சட்டையில் ஆடிய டிப்பரேரி, கார்க் அணியை வென்று 1935க்குப் பிறகு முதன்முறையாக மன்ஸ்டர் மாகாணப் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த ஆண்டு அகில அயர்லாந்து அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் 1920இல் வந்த அதே நான்கு அணிகள். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் மிகையென்று அடித்துவிடுவேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. பிரிட்டனோடு செய்த 1921 ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் மறுத்தவர்களும் ஒருவரையொருவர் கொன்றார்கள். கெர்ரியில் அது மிகக் கொடூரமாக இருந்தது. 1923 மார்ச்சில் பாலிசீடியில் கைதிகளைக் கண்ணிவெடியில் கட்டிவைத்து வெடிக்கச் செய்தார்கள். மறு ஆண்டே கெர்ரி அணியில், ஒப்பந்தத்தை மறுத்த குடியரசுவாதப் போராளி ஜான் ஜோ ஷீஹியும், அரசுப் படையின் அதிகாரி கான் ப்ரோஸ்னனும் ஒன்றாக ஆடினார்கள். 1931இல் அணித்தலைவரை நியமிக்கும் உரிமை ஜோ பாரெட்டின் மன்றத்துக்கு இருந்தது. சிறையிலிருந்த குடியரசுவாதி அவர். தன் பக்கத்துக்காரர்களின் கோபத்தையும் பொருட்படுத்தாமல், முன்னாள் எதிரியான ப்ரோஸ்னனுக்குத் தலைமையைக் கொடுத்தார். சமரசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை அடிக்கடி சொல்கிறார்கள். இதற்கு ஒரு பின்கதை உண்டு. அதற்கு உரிய இடத்தில் சொல்கிறேன்.

இனி விதி 27. கால்பந்து, ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் ஆகிய அந்நிய ஆட்டங்களை ஆடினாலும், பார்க்கப் போனாலும் உறுப்பினர் நீக்கப்படுவார் என்பது அதன் சாரம். ஒவ்வொரு கவுண்டியிலும் கண்காணிப்புக் குழுவினர் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கால்பந்து மைதானங்களின் வாசலில் நின்று யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்திருப்பார்கள். யார் பார்த்தது என்று நிரூபிக்க அவர்களும் உள்ளே போகத்தானே வேண்டும்! விதியின் உச்சகட்டம் 1938இல் வந்தது. நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், டேலிமவுண்ட் பார்க்கில் அயர்லாந்துக்கும் போலந்துக்கும் நடந்த கால்பந்து ஆட்டத்துக்குத் தம் பதவியின் கடமையாகப் போனார். ஐரிஷ் மொழியை மீட்பதற்காக 1893இல் கேலிக் லீக்கைத் தொடங்கியவரே இவர்தான். அவரைச் சங்கத்தின் புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். மொழிக்கு உழைத்த புராட்டஸ்டண்ட் முதியவரைவிட விதி பெரிதாகிவிட்டது.

அந்த விதி செத்தது ஒரு தலைவரின் பேச்சினால் என்று நான் நினைக்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்குள் வந்ததும் விதியின் கால் ஒடிந்தது. 1966 கால்பந்து உலகக் கோப்பையைக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனை எந்தக் குழு எந்த வாசலில் நின்று பிடிக்கும்? டப்ளினில் டாம் வுல்ஃப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்காக வாதாடி, கவுண்டிகளைத் தம் பக்கம் திருப்பியிருந்தார்கள். 1971இல் பெல்ஃபாஸ்டில் நடந்த மாநாட்டில் தீர்மானம் விவாதமின்றி நிறைவேறியது. வடக்கில் அப்போது, பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டண்டுகளுக்கும் அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கர்களுக்கும் இடையிலான மோதலில் தெருக்கள் எரிந்துகொண்டிருந்தன.

அந்தத் தீயினால்தான் விதி 21 மேலும் முப்பது ஆண்டுகள் நீடித்தது. பிரிட்டிஷ் ராணுவத்தையோ வடக்கு அயர்லாந்தின் காவல் படையையோ சேர்ந்தவர்கள் சங்கத்தில் உறுப்பினராக முடியாது என்றது அது. டப்ளினிலிருந்து பார்த்தால் பழைய வன்மம். வடக்கில் இருந்தவர்களுக்கு அன்றாட அனுபவம். தெற்கு ஆர்மாவின் கிராஸ்மக்லென் மன்றத்தின் நிலத்தில் ஒரு பகுதியை ராணுவம் எடுத்துக்கொண்டு முகாம் அமைத்தது. ஹெலிகாப்டர்கள் ஆடுகளத்துக்கு மேல் இறங்கி ஏறும். பந்து முகாமுக்குள் விழுந்தால் போனது போனதுதான். அந்த மன்றம் 1997இல் அகில அயர்லாந்து மன்றக் கோப்பையை வென்றபோதும் முகாம் அங்கேதான் நின்றது. 1988 பிப்ரவரி 21 அன்று, ஆக்னக்ளாய் எல்லைச் சாவடியைக் கடந்து தன் மன்றத்தின் மைதானத்துக்கு நடந்துகொண்டிருந்த 23 வயது எய்டன் மெக்கனெஸ்பி, காவல் கோபுரத்திலிருந்து வந்த இயந்திரத் துப்பாக்கிக் குண்டு முதுகில் பாய்ந்து இறந்தார். கை ஈரமாக இருந்ததால் விரல் வழுக்கியது என்றார் சுட்ட படைவீரர். 34 ஆண்டுகள் கழித்து, 2022இல், நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. 1997 மே மாதம், பெல்லாஹி மன்றத்தின் தலைவர் ஷான் பிரவுன், இரவில் மன்றத்தின் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பிரிட்டனுக்கு விசுவாசமான தரப்பின் துப்பாக்கிதாரிகளால் கடத்திக் கொல்லப்பட்டார்.

பெரியவர் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்த மாட்டார். பயிற்சிக்குப் போகும் வழியில் பையைத் திறக்கச் சொல்வார்கள், மட்டையைப் பார்த்ததும் உன் பெயர் என்ன என்று கேட்பார்கள், பெயரைக் கேட்டதும் மீதி விஷயம் அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பார். தோளில் தொங்கும் பையே, கத்தோலிக்கர் என்பதற்கு ஒரு மதச் சான்றிதழ்.

வடக்கின் மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த புனித வெள்ளி ஒப்பந்தம் 1998இல் வந்தது. பழைய காவல் படை கலைக்கப்பட்டு 2001 நவம்பர் 4இல் புதிய படை அமைந்தது. இரண்டே வாரத்தில் சங்கத்தின் சிறப்பு மாநாடு விதி 21ஐ நீக்கியது. வடக்கின் ஆறு கவுண்டிகளில் டவுன் மட்டும் ஆதரித்தது. மற்ற ஐந்தும் எதிர்த்தன. நீக்கிய தெற்குக்காரர்கள் பெருந்தன்மையானவர்கள், எதிர்த்த வடக்குக்காரர்கள் பிடிவாதக்காரர்கள் என்று அன்றைய தெற்குப் பேச்சில் ஒரு தொனி இருந்ததாகப் பெரியவருக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. சோதனைச் சாவடியில் ஒருநாளும் நிற்காதவர்களுக்கு மன்னிப்பது எளிது என்கிறார். எனக்கு விதி போனது சரியென்றே படுகிறது. அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

இங்கே ஒரு சின்ன மலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குரோக் பார்க்கின் வடகோடியில், இருக்கை இல்லாமல் நின்று பார்க்கும் மேடான பகுதிக்கு ஹில் 16 என்று பெயர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் தரைமட்டமான ஓ'கானல் தெருவின் இடிபாடுகளைக் கொட்டி எழுப்பியது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மையில் அது எழுச்சிக்கு முந்தைய ஆண்டே எழுந்துவிட்டது. அதன் முதல் பெயர் ஹில் 60. 1915 ஆகஸ்டில், கலிப்போலிப் போரில், பிரிட்டிஷ் சீருடை அணிந்த ஐரிஷ்காரர்கள் கூட்டம் கூட்டமாக மாண்ட குன்றின் பெயர் அது. பிரிட்டிஷ் போர்க்களத்தின் பெயர் நம் மைதானத்துக்கா என்று பின்னாளில் எண்ணை மாற்றினார்கள். இடிபாட்டுக் கதை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். தெரியும் என்றார். தம் பேரனுக்கு மட்டும் இடிபாட்டுக் கதையைத்தான் சொல்கிறார்.

மற்ற ஆட்டங்களின் கதை வேறு வேறாகப் போனது. கால்பந்து 1921இலேயே நாட்டோடு சேர்ந்து இரண்டாக உடைந்தது. பெல்ஃபாஸ்டில் ஒரு சங்கம், டப்ளினில் ஒன்று. கத்தோலிக்கரின் அணியாகக் கருதப்பட்ட பெல்ஃபாஸ்ட் செல்டிக், 1948 டிசம்பர் 27 அன்று வின்ட்ஸர் பார்க்கில் லின்ஃபீல்டோடு சமன் செய்ததும், கூட்டம் களத்தில் இறங்கி அதன் முன்கள வீரர் ஜிம்மி ஜோன்ஸின் காலை உடைத்தது. அவர் புராட்டஸ்டண்ட். அந்தப் பருவத்தோடு அணி லீகிலிருந்தே விலகிவிட்டது. அதன் மைதானம் இருந்த இடத்தில் இப்போது வணிக வளாகம் நிற்கிறது. 1994 ஜூன் 18 அன்று, உலகக் கோப்பையில் அயர்லாந்து இத்தாலியை வென்றுகொண்டிருந்தபோது, லாஹினைலண்ட் கிராமத்து மதுக்கடையில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேரை விசுவாசத் தரப்பினர் சுட்டுக் கொன்றார்கள். மூத்தவருக்கு 87 வயது.

ரக்பி மட்டும் உடையவில்லை. வடக்கின் புராட்டஸ்டண்ட் காவலரும் தெற்கின் கத்தோலிக்க மருத்துவரும் ஒரே பச்சைச் சட்டையில் ஆடினார்கள், எந்தக் கீதத்துக்கு எழுந்து நிற்பது என்ற சங்கடத்தோடு. 1972 ஜனவரி 30இல் வடக்கின் டெரி நகரில் பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தினரைச் சுட்டுக் கொன்றது. மூன்று நாளில் டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் எரிந்தது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு ஆடவர மறுத்தன. ஏற்கெனவே பாரிஸிலும் லண்டனிலும் வென்றிருந்த அயர்லாந்துக்குப் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மறு ஆண்டு இங்கிலாந்து வந்தது. லான்ஸ்டவுன் ரோடு அரங்கில் அவர்கள் களமிறங்கியதும் கூட்டம் எழுந்து நின்று நிமிடக்கணக்கில் கைதட்டியது. பிறகு 18-9 என்று அயர்லாந்து வென்றது. நாங்கள் நன்றாக ஆடுகிறோமோ இல்லையோ, வந்துவிடுகிறோம் என்று இங்கிலாந்தின் தலைவர் ஜான் புல்லின் அன்றிரவு விருந்தில் சொன்னதை ரக்பி தெரிந்த ஐரிஷ்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த லான்ஸ்டவுன் ரோடு அரங்கை இடித்துக் கட்டவேண்டி வந்தபோதுதான் விதி 42 பேச்சுக்கு வந்தது. சங்கத்தின் மைதானங்களில் வேறு ஆட்டங்களுக்கு இடமில்லை என்பது அந்த விதி. ரக்பி, கால்பந்து இரண்டும் சொந்த நாட்டில் ஆட இடமின்றி இங்கிலாந்துக்குப் போய் ஆடும் நிலை வரும் என்றார்கள். 2005 ஏப்ரலில் மாநாடு ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. மூன்றில் இரண்டு பங்கு தேவை. ஆதரவு 227, எதிர்ப்பு 97.

2007 பிப்ரவரி 24. ரக்பி. எதிரணி இங்கிலாந்து. ஹோகன் சுடப்பட்ட புல்வெளியில் பிரிட்டிஷ் அரசியின் கீதம் ஒலிக்கப் போகிறது. ஜோ பாரெட்டின் பின்கதை இங்கேதான் வருகிறது: முன்னாள் எதிரிக்குத் தலைமையைக் கொடுத்த அந்த மனிதரின் மகன், இதைக் கண்டித்து, குரோக் பார்க் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த தந்தையின் பதக்கங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எங்கள் தெருமுனையில் சிறு கூட்டம் பதாகை பிடித்து நின்றதாம். நாங்கள் அப்போது இங்கே இல்லை. பெரியவர் ஆட்டத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னாலுள்ள தோட்டத்தில் நின்றிருக்கிறார். முதலில் இங்கிலாந்தின் கீதம். ஒரு விசில், ஒரு கூச்சல் எழவில்லை. முடிந்ததும் கைதட்டல். அடுத்து ஐரிஷ் கீதம் எழும்பியபோது, ஜான் ஹேய்ஸ் என்ற மலைபோன்ற முன்வரிசை வீரர் கண்ணீர் வழிய நின்றதை ஒளிப்பதிவில் இன்றும் பார்க்கலாம். அயர்லாந்து 43-13 என்று வென்றது. அதில் ட்ரை என்னும் ரக்பிப் புள்ளி ஒன்றை, சிறுவயதில் மீத் கவுண்டிக்குக் கேலிக் கால்பந்து ஆடிய ஷேன் ஹோர்கன், குறுக்கே உயர்ந்து வந்த பந்தைக் கேலிக் பாணியில் எகிறிப் பிடித்துப் போட்டார். அந்தச் சத்தம் தம் தோட்டத்துக் கொட்டகையின் தகரத்தை அதிரவைத்தது என்று பெரியவர் சொல்வார். கீதத்தைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. தகரத்தைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார்.

2019 இலையுதிர் காலத்தில் அவரோடு ரயிலேறி பெல்ஃபாஸ்ட் போனேன். தாம் சிறுவயதில் ஆடிய கேஸ்மென்ட் பார்க்கைக் காட்டவேண்டும் என்றார். 1916இல் தூக்கிலிடப்பட்ட ரோஜர் கேஸ்மென்டின் பெயரில் 1953இல் திறக்கப்பட்டது. 1970களில் ராணுவம் அதற்குள் முகாமிட்டது. 2011இல் வடக்கின் அரசு மூன்று ஆட்டங்களுக்கும் மூன்று அரங்குகளைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கியது. ரக்பியின் ரேவன்ஹில் 2014இல் முடிந்தது. கால்பந்தின் வின்ட்ஸர் பார்க் 2016இல் முடிந்தது. கேஸ்மென்ட் பார்க் 2013இல் கடைசி ஆட்டத்தோடு மூடப்பட்டு, வழக்கிலும் செலவுக் கணக்கிலும் அரசியலிலும் சிக்கி நின்றுவிட்டது. கம்பிக்கேட்டின் இடுக்கு வழியாகப் பார்த்தோம். படிவரிசைகளில் இடுப்பளவு களை மண்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு படிகளை இடித்துத் தரையைச் சமன் செய்தார்கள். 2028 ஐரோப்பியக் கோப்பைக்கு இங்கே ஆட்டம் உண்டு என்றார்கள், 2024இல் இல்லை என்றார்கள், 2025இல் லண்டன் ஐந்து கோடி பவுண்டு தருவதாக அறிவித்தது.

அன்று கேட்டுக்கு வெளியே, மைதானத்தின் மதிலில் ஒரு பெண்குழந்தை தனியாக ஸ்லிட்டரை அடித்துக்கொண்டிருந்தாள். பந்து திரும்பி வரும், மட்டையில் ஏந்துவாள், மறுபடி அடிப்பாள். ஒருமுறை பந்து எகிறி மதிலுக்கு அப்பால் போய்விட்டது. பெரியவர் கேட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார், பூட்டு அசையவில்லை. அவள் சட்டைப்பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்தாள்.